வார்த்தை வரவில்லை, பதவி உயர்வை விட்டுக்கொடுக்கலாமா?

கேள்வி: வயது 48. கணக்குப் பிரிவில் 22 வருட அனுபவம். எட்டு மாதமாக மாதவிடாய் முன்பின்னாக வருகிறது. போன வாரம் மீட்டிங்கில் 'தேய்மானம்' என்ற சொல் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வரவே இல்லை, முகமெல்லாம் வியர்த்துவிட்டது. இத்தனை வருடமும் தெரிந்த மாதிரி நடித்துத்தான் ஓட்டினேனோ என்று பயமாக இருக்கிறது. பதவி உயர்வு வந்திருக்கிறது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா டாக்டர்?

பதில்: இப்போதைக்கு எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

தேய்மானத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதை நீங்கள் மறக்கவில்லை. சொல்தான் சமயத்தில் காலை வாரியது. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒரே சீராகக் குறையாது. தாறுமாறாக ஏறி இறங்கும். நினைவுக்கான மூளைப் பகுதிகளிலும் அதற்குப் பங்கு உண்டு என்பதால், பெயர்களும் சொற்களும் தட்டுப்படாமல் போகும். பெரும்பாலானோருக்குப் பிறகு சரியாகிவிடும். மருந்துச்சீட்டு எழுதும்போது மாத்திரையின் பெயர் வராமல் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்த நாள் எனக்கும் உண்டு.

ராத்திரி வியர்த்து விழிப்பு வருகிறதா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்கு அதுதான் முக்கியம். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் யாருக்கும் தன்மேல் சந்தேகம் வரும்.

'நான் ஏமாற்றுகிறேன்' என்ற இந்த எண்ணத்தை 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் விவரித்தார்கள். அவர்கள் அதைக் கண்டது நன்றாகச் சாதித்திருந்த பெண்களிடம். இது நோய் அல்ல.

ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றையும் பாருங்கள். இந்த வயதில் உதிரப்போக்கு அதிகமாகி ரத்தசோகை வருவது சகஜம், அதுவே மந்தமாக்கும். 45 வயதுக்கு மேல் இந்தக் கட்டத்தை உறுதிசெய்ய அறிகுறிகளே பெரும்பாலும் போதும், ஹார்மோன் அளவு பார்த்துப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். வியர்வையும் தூக்கமின்மையும் வாட்டினால் ஹார்மோன் சிகிச்சை நன்றாகக் கேட்கும். மார்பகப் புற்றுநோயோ, ரத்தக்குழாயில் ரத்தக்கட்டியோ வந்திருந்தால் பொதுவாகத் தரமாட்டோம். வேறு மருந்துகள் உள்ளன. மறதிக்காக மட்டும் ஹார்மோன் எடுப்பதை நான் ஆதரிப்பதில்லை.

மீட்டிங்குக்கு ஒரு துண்டுச்சீட்டில் முக்கியச் சொற்களை எழுதி எடுத்துப்போங்கள். உடல் சூடாகும் அந்த அலை சில நிமிடங்களில் அடங்கிவிடும். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாக வந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம்; தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.