எண்பது பக்க விதிகளை ஏஐ ஏன் மதிப்பதில்லை?

கேள்வி: குழுவின் கோடிங் விதிகளைக் கர்சர் என்ற ஏஐ எடிட்டரில் எங்கே எழுதுவது? (பெருங்குடி வாசகர்)

பதில்: புராஜெக்டில் 'டாட் கர்சர்' ஃபோல்டர், அதற்குள் 'ரூல்ஸ்'. கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் சேர்த்துவிடுங்கள். உங்கள் லேப்டாப்பில் மட்டும் கிடப்பது குழுவின் விதி ஆகாது.

கேள்வி: எங்களில் பாதிப் பேர் கர்சர், மற்றவர்கள் கோபைலட், ஒருவர் கிளாட் கோட். மூன்று ஏஐ கருவிக்கும் மூன்று முறை எழுத வேண்டுமா? (தரமணி வாசகர்)

பதில்: வேண்டாம். 'ஏஜென்ட்ஸ் டாட் எம்டி' என்ற பொதுக் கோப்பு ஒன்று போதும். கிளாட் கோடுக்கு மட்டும் 'கிளாட் டாட் எம்டி'யில் அதை இழுத்துவர ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் எண்பது பக்க ஆவணத்தை அப்படியே ஒட்டினேன். ஏஐ பாதியை மதிப்பதே இல்லை. கர்சரில் பிழையா? (சோழிங்கநல்லூர் வாசகர்)

பதில்: அந்த எண்பது பக்கத்தை நீங்கள் முழுதாகப் படித்ததுண்டா? கிண்டிக்கு வழி கேட்டவர் கையில் மாநகர பஸ் அட்டவணை முழுவதையும் திணித்திருக்கிறீர்கள். கர்சர்காரர்களே ஒரு விதிக் கோப்பு 500 வரிக்குள் இருக்கட்டும் என்கிறார்கள். நான் நூறைத் தாண்ட விடுவதில்லை. இடைவெளி, அரைப்புள்ளி, வரி நீளம் எல்லாவற்றையும் முதலில் வெட்டுங்கள். அவை கோடின் வடிவைத் தானாகச் சீராக்கும் பிரெட்டியரின் வேலை. 'சுத்தமான கோட் எழுதவும்' என்ற வரியையும் தூக்குங்கள். அழுக்காக எழுதச் சொல்லி யார் கேட்டார்கள்?

உங்கள் குழுவுக்கு மட்டுமே தெரிந்தது எதுவோ, அதை எழுதுங்கள். எங்கள் பில்லிங் புராஜெக்டில் 'தொகையைக் கவனமாகக் கையாளவும்' என்றுதான் முதலில் இருந்தது. ஏஐயும் கவனமாக 'ஃப்ளோட்' எனும் தசமப் புள்ளி எண்ணில் எழுதித் தந்தது. 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 வரும் கணக்கு அது. மாதக் கடைசியில் சில பைசா இடித்தது. 'தொகை எப்போதும் பைசாவில், முழு எண்ணாக. மாதிரிக்கு இன்வாய்ஸ் கோப்பைப் பார்' என்று மாற்றினோம். தொல்லை ஏறக்குறைய நின்றது. ஏறக்குறைய என்றுதான் சொல்கிறேன். விதிக் கோப்பு வேண்டுகோள், பூட்டு அல்ல. பூட்டு வேண்டுமென்றால், மீறினால் பிழை காட்டும் லின்ட் விதியாக்கி, கோடை ஏற்றும்போது தானாகச் சோதிக்கும் சிஐயில் வையுங்கள்.

கேள்வி: எந்த விதியும் வேலை செய்யவில்லை. என்ன செய்வது? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: எந்த எடிட்டர், எந்த விதி, எந்தக் கோப்பு? எதையும் எழுதாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். குத்துமதிப்பாகச் சொன்னால், விதி எந்தக் கோப்புகளுக்கு என்று குறிக்கும் குளோப் பேட்டர்னில் 'டிஎஸ்' மட்டும் கொடுத்து 'டிஎஸ்எக்ஸை' விட்டிருப்பீர்கள்.

கேள்வி: விதிகள் கன்ஃப்ளூயன்ஸ் ஆவணத் தளத்தில் இருக்கின்றன. ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி வழியாக இணைக்கலாமா? (சிறுசேரி வாசகர்)

பதில்: இணைக்கலாம். ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் அதை வெளியிட்டதே இத்தகைய இணைப்புகளுக்காகத்தான். ஆனால் அன்றாட விதிகள் கோட் இருக்கும் ரெப்போவிலேயே இருக்கட்டும். ஏஐ ஒவ்வொரு முறையும் போய்த் தேடிப் படிக்கும் என்று நம்பாதீர்கள். இணைப்புக்குப் படிக்க மட்டும் அனுமதியுள்ள டோக்கன், அதாவது அணுகல் சாவி, போதும். அதையும் கிட்டில் ஏற்றாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், விதிக் கோப்பு வேண்டுகோள்தான், பூட்டு அல்ல.

கேள்வி: விதிகளைத் தமிழில் எழுதினால் ஏஐக்குப் புரியுமா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: புரியும். டோக்கன் (இங்கே, ஏஐ எழுத்தை எண்ணும் துண்டு) கூடுதலாகச் செலவாகும். குழுவில் தமிழ் படிக்கத் தெரியாதவர் ஒருவர் இருந்தாலும் ஆங்கிலத்திலேயே எழுதிவிடுங்கள்; அந்தக் கோப்பை அவரும் திருத்த வேண்டுமே.