அம்மாவிடம் எஃப்டி என்று சொல்லி பாலிசி விற்றது பற்றி

வங்கியில் எஃப்டி போடப்போன உங்கள் அம்மாவிடம், அதுவும் மும்பை சயானில் தனியாக இருக்கும் 68 வயதுக்காரரிடம், வருஷாவருஷம் பிரீமியம் கட்ட வேண்டிய காப்பீட்டு பாலிசியைத் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் வயிறு எரிந்தது. பாலிசி பத்திரம் போன வாரம்தான் வந்தது என்றால் நல்லவேளை, கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ரத்து செய்யலாம், முத்திரைக் கட்டணம் மாதிரி சிறு பிடித்தம் போக பணம் திரும்பும். நாளைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்கே எழுதுங்கள், வங்கி மேனேஜரின் சமாதானத்தை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். கடிதத்தின் நகலில் சீல் வாங்குங்கள்.

அப்புறம் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ஆங்கிலப் படிவத்தில் அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தால், படிவத்தில் இருப்பதை அவருக்குப் புரிகிற மொழியில் விளக்கியதாக ஒருவர் உறுதி கொடுத்திருக்க வேண்டும். அது காலியாக இருந்தாலோ தெரியாத யாரோ கையெழுத்திட்டிருந்தாலோ அதுதான் உங்கள் பிடி. வயதானவர்களுக்கு விற்கும்போது நிறுவனத்தின் சரிபார்ப்பு ஃபோன் அழைப்பு தாய்மொழியில்தான் வர வேண்டும், வீட்டார் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று சட்டமே கட்டாயமாக்க வேண்டும் என்பேன்.

நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ சாந்தாகுரூஸில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் குறைதீர்ப்பாளர்) போங்கள், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.