கருவிப்பட்டைக் கேள்விகள்: எல்லையோர ஊர்களிலிருந்து வந்தவையும் என் பதில்களும்

வேலந்தாவளம் சோதனைச் சாவடிக்கு இருபுறமும் கணினி பழுது பார்த்தும் தட்டச்சுப் பயிற்சி கொடுத்தும் வருகிறவன் என்பதால், என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஆவணங்களைத் தட்டச்சு செய்ய உதவும் லிப்ரெஓபிஸ் ரைட்டர் என்ற மென்பொருளைப் பற்றியவையாகவே இருக்கின்றன. கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினி கற்பிக்கப்படுவதால், பிள்ளைகளுக்குப் பழகிய அந்த மென்பொருள் நாளடைவில் பெற்றோரின் கடைக்கும் அலுவலகத்துக்கும் வந்துவிடுகிறது. இம்முறை திரையின் மேலே நிற்கும் கருவிப்பட்டையையும் ('டூல்பார்') அதிலுள்ள பொத்தான்களையும் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளேன். எங்கள் பகுதியில் பலரும் ஆங்கில மெனுவையே வைத்திருப்பதால், திரையில் தெரியும் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

ஐயா, எங்கள் விசைத்தறிக் கூடத்தில் பில் அடிக்கும் கணினியில் நேற்றுவரை இருந்த கருவிப்பட்டை இன்று காலையில் காணவில்லை. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவ வேண்டுமா? (நகரி)

வேண்டாம். மறுபடி நிறுவினாலும் பெரும்பாலும் பயன் இருக்காது. பட்டையைப் பற்றிய அமைப்புகள் மென்பொருளுடன் இல்லாமல் உங்கள் பயனர் கோப்புறையில் தனியாக இருப்பதால், நிறுவல் நீங்கினாலும் அவை நீங்குவதில்லை. முதலில் 'வியூ' மெனுவில் 'டூல்பார்ஸ்' என்பதைத் திறந்து, 'ஸ்டாண்டர்ட்', 'ஃபார்மேட்டிங்' ஆகிய இரண்டுக்கும் எதிரே குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறி இருந்தும் பட்டை தெரியவில்லை என்றால், அதே 'வியூ' மெனுவில் 'யூசர் இண்டர்ஃபேஸ்' என்பதில் யாரோ 'டேப்ட்' வகையைத் தேர்ந்தெடுத்திருக்கலாம்; அதை 'ஸ்டாண்டர்ட் டூல்பார்' என்று மாற்றிவிடுங்கள். மெனுவே இல்லாமல் திரை முழுவதும் தாள் மட்டும் தெரிந்தால், அது முழுத்திரைக் காட்சி. கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு ஜே விசையைத் தட்டினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இரவு முறைக்கு வந்தவரின் கை தவறி இம்மூன்றில் ஏதோ ஒன்றில் பட்டிருக்கும். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

நான் தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியர். ஒரே சுற்றறிக்கையில் மேலே மலையாளமும் கீழே தமிழும் வர வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வரியைத் தேர்வு செய்து எழுத்துருவை மாற்றிக் கை சலித்துவிட்டது. 'தமிழ்', 'மலையாளம்' என்று இரண்டு பொத்தான்களைப் பட்டையில் வைத்துக்கொள்ள முடியுமா? (கொழிஞ்சாம்பாறை)

முடியும். ஆனால் பொத்தானைப் பற்றிப் பேசுவதற்கு முன் எழுத்துருவைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. லிப்ரெஓபிஸ் ஒவ்வொரு எழுத்துப் பகுதிக்கும் மூன்று எழுத்துருக்களைத் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்கிறது: ஆங்கிலம் போன்ற மேலை மொழிகளுக்கு ஒன்று, சீனம், ஜப்பானியம் போன்றவற்றுக்கு ஒன்று, சிக்கலான எழுத்தமைப்புள்ள மொழிகளுக்கு ஒன்று. தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றும் இந்த மூன்றாம் வகைக்குள்ளேயே அடங்குகின்றன. ஆங்கிலத்தையும் தமிழையும் கலந்து அடித்தால் எழுத்துரு தானே மாறிக்கொள்வதும், தமிழையும் மலையாளத்தையும் கலந்து அடித்தால் மாறாமல் இருப்பதும் இதனால்தான். இரண்டு மொழிகளுக்கும் மென்பொருள் ஒதுக்கியிருப்பது ஒரே இடம்.

இதற்கு முறையான வழி பாணிகளை ('ஸ்டைல்ஸ்': எழுத்துரு, மொழி முதலியவற்றை ஒரே பெயரில் சேர்த்து வைக்கும் தொகுப்பு) அமைப்பது. எஃப்11 விசையை அழுத்தினால் வலப்பக்கம் பாணிகளின் பட்டியல் திறக்கும். அதில் பத்திப் பாணியாகப் புதிதாக ஒன்றை உருவாக்கி 'மலையாளம்' என்று பெயரிடுங்கள். அதன் 'ஃபாண்ட்' பக்கத்தில் சிக்கலான எழுத்தமைப்புக்கு உரிய பகுதியில் மஞ்சரி, ரசனா, மீரா போன்ற மலையாள எழுத்துருக்களில் ஒன்றையும், மொழியாக மலையாளத்தையும் குறிப்பிடுங்கள். 'தமிழ்' என்ற பெயரில் இன்னொன்றையும் அவ்வாறே செய்யுங்கள். அந்தப் பகுதியே திரையில் தென்படவில்லை என்றால், 'டூல்ஸ்' மெனுவின் 'ஆப்ஷன்ஸ்' உரையாடலில் மொழிகளுக்கான பக்கத்துக்குச் சென்று 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். ஒரு வரிக்குள்ளேயே இரண்டு மொழிகளும் கலந்து வருமானால், பத்திப் பாணிக்குப் பதில் எழுத்துப் பாணியை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

இனிப் பொத்தான். அந்த ஆவணம் திறந்திருக்கும்போதே 'டூல்ஸ்' மெனுவில் 'கஸ்டமைஸ்' என்பதைத் திறந்து 'டூல்பார்ஸ்' பக்கத்துக்கு வாருங்கள். 'டார்கெட்' என்ற இடத்தில் 'ஃபார்மேட்டிங்' பட்டையையும், 'கேட்டகரி' என்ற இடத்தில் 'ஸ்டைல்ஸ்' என்பதையும் தேர்ந்தெடுத்தால், நீங்கள் உருவாக்கிய பாணிகள் இடப்பக்கப் பட்டியலில் தெரியும். நடுவிலுள்ள அம்புக்குறியை அழுத்தி வலப்பக்கம் தள்ளுங்கள். பட்டையில் பெயர் நீளமாகத் தெரிந்தால், 'மாடிஃபை' பொத்தானில் 'ரீநேம்' கொடுத்து 'த', 'ம' என்று சுருக்கிவிடலாம். இதே பாணிகளுக்கு 'கீபோர்ட்' பக்கத்தில் விசைகளையும் ஒதுக்கலாம். நாள் முழுவதும் தட்டச்சு செய்பவருக்கு மவுஸைத் தேடிப் போவதைவிட அதுவே வசதி.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பாணி என்பது ஆவணத்தின் உடைமை; பட்டையிலுள்ள பொத்தான் உங்கள் கணினியின் உடைமை. புதிதாக ஒரு தாளைத் திறந்து பொத்தானை அழுத்தினால், அந்தத் தாளில் அப்படியொரு பாணியே இல்லாததால் எதுவும் நடக்காது. ஆகவே பாணிகளுள்ள ஆவணத்தை 'ஃபைல்' மெனுவின் 'டெம்ப்ளேட்ஸ்' வழியாக வார்ப்புருவாகச் சேமித்து, அதையே இயல்பு வார்ப்புருவாகவும் வைத்துவிடுங்கள். இரண்டாவதாக, இந்த ஏற்பாடு, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு முறையில் அடித்த எழுத்துக்கு மட்டுமே பொருந்தும். பாமினி, எம்எல்-டிடி கார்த்திகா போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பகுதிகள் நம் கண்ணுக்குத் தமிழாகவும் மலையாளமாகவும் தெரிந்தாலும், மென்பொருளுக்கு அவை ஆங்கில எழுத்துகளே; மூன்றாம் இடத்தில் என்ன எழுத்துருவைக் குறிப்பிட்டாலும் அவற்றைத் தொடாது. உங்கள் பள்ளியின் பழைய சுற்றறிக்கைகளை அப்படியே ஒட்டுவதாக இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

என் தகப்பனார் ஏலக்காய் வியாபாரத்தின் கணக்கைத் தாமே பார்க்கிறார். அறுபத்தெட்டு வயது. பொத்தான்களிலுள்ள படங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறார். (குமுளி)

'ஆப்ஷன்ஸ்' உரையாடலின் 'வியூ' பக்கத்தில் படவுருக்களின் அளவை 'எக்ஸ்ட்ரா லார்ஜ்' என்று வைத்துக்கொடுங்கள். படவுருக்களின் தோற்றத்தையும் மாற்றலாம். கோலிப்ரே, பிரீஸ், எலிமெண்டரி, சிஃபர் எனப் பல தொகுதிகள் இருக்கின்றன. கருப்புக் கோடுகளால் ஆன சிஃபர் சிலருக்குத் தெளிவாகத் தெரிகிறது, சிலருக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறது; அவரையே பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். படம் பெரிதானால் பட்டையில் இடம் போதாமல் கடைசிப் பொத்தான்கள் மறைந்துபோகும். ஆகவே பட்டையின் மேல் வலது கிளிக் செய்து, 'விசிபிள் பட்டன்ஸ்' பட்டியலில் அவர் தொடாத பொத்தான்களின் குறியை எடுத்துவிடுங்கள். எட்டுப் பத்துப் பொத்தான்களே போதும். படமே வேண்டாம் என்று அவர் சொன்னால், 'கஸ்டமைஸ்' உரையாடலில் பட்டையின் பெயருக்கு அருகிலுள்ள சிறு மெனுவில் 'டெக்ஸ்ட் ஒன்லி' கொடுத்தால் பொத்தான்கள் சொற்களாகவே நிற்கும்.

நான் பத்திரம் எழுதுபவன். 1956-க்கு முந்தைய மலையாள மூலப் பத்திரங்களின் விவரங்களை எடுத்து எழுத ஒரு மேக்ரோ (பல கட்டளைகளைத் தானே வரிசையாகச் செய்யும் சிறு நிரல்) வைத்திருக்கிறேன். அதன் பொத்தானுக்கு எங்கள் குலதெய்வத்தின் படத்தை வைக்க முயன்றேன். கறை படிந்தாற்போல் தெரிகிறது. (செங்கோட்டை)

செங்கோட்டை திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த காலத்துப் பத்திரங்கள் இன்றும் கைமாறிக்கொண்டிருப்பதால், உங்களுக்கு அப்படியொரு மேக்ரோ தேவைப்படுவதில் வியப்பில்லை. படத்தைப் பொறுத்தவரை குறை உங்களுடையது அன்று. 'கஸ்டமைஸ்' உரையாடலில் 'மாடிஃபை', 'சேஞ்ச் ஐகான்', 'இம்போர்ட்' என்று போய்ப் படத்தைச் சேர்க்கும் அந்தச் சாளரத்திலேயே, 16-க்கு 16 பிக்சல் அளவே சிறந்தது என்றும் மற்ற அளவுகள் தாமாகச் சுருக்கப்படும் என்றும் குறிப்பு இருக்கிறது. பதினாறு வரிசை, பதினாறு நிரல். மொத்தம் 256 புள்ளிகளுக்குள் ஒரு தெய்வத்தின் முகமும் மாலையும் அடங்கா.

எழுத்தை வரைந்து பாருங்கள், ஆனால் எல்லா எழுத்தும் அடங்கிவிடாது. நான் ஒருமுறை கட்டம் போட்ட தாளில் ஒவ்வொன்றாக நிரப்பிப் பார்த்திருக்கிறேன். 'ப', 'ட' போன்றவை நேர்கோடுகளால் ஆனவை, ஆகவே இரண்டு புள்ளிக் கனத்தில் வரைந்தாலும் கம்பீரமாக நிற்கின்றன. 'ழ' எழுதினால் கீழ்ச்சுழி அடைந்துபோய் 'ம' என்று தோன்றுகிறது. 'ஸ்ரீ' வெறும் கரும்புள்ளியாகிவிடுகிறது. பத்திரத்துக்குப் 'ப' போட்டால் பொருத்தமாகவும் இருக்கும். கோப்பைப் பிஎன்ஜி வகையில், பின்புலம் ஒளிபுகுவதாக இருக்கும்படி சேமியுங்கள். இல்லையேல் கருமை நிறத் திரைத் தோற்றத்தில் எழுத்தைச் சுற்றி வெள்ளைச் சதுரம் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். குலதெய்வத்தைத் திரையின் பின்னணிப் படமாக வையுங்கள், முழு உருவமும் தெரியும்.

எங்கள் பயிற்சி நிலையத்தில் பன்னிரண்டு கணினிகள். ஒன்றில் பட்டையை ஒழுங்குபடுத்திவிட்டேன். மற்ற பதினொன்றிலும் கையாலேயே செய்ய வேண்டுமா? (குப்பம்)

வேண்டியதில்லை. விண்டோஸில் 'ஆப்டேட்டா' கோப்புறைக்குள் 'ரோமிங்', அதற்குள் 'லிப்ரெஓபிஸ்', அதற்குள் '4', அதற்குள் 'யூசர்' என்று ஒரு கோப்புறை இருக்கிறது. லினக்ஸில் உங்கள் வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் 'கான்ஃபிக்' என்பதற்குள் அதே பெயர்களில் தேடுங்கள். மென்பொருளின் பதிப்பு எண் 7-ஐத் தாண்டி, 2024-இலிருந்து ஆண்டை வைத்து 24.2 என்று எண்ணத் தொடங்கிய பின்பும், கோப்புறையின் பெயர் '4' என்றே நீடிக்கிறது. அதைக் கண்டு பழைய எச்சம் என்று அழித்தவர்கள் உண்டு. 'யூசர்' கோப்புறைக்குள் 'கான்ஃபிக்' என்பதில் உங்கள் பட்டைகளின் விவரமும் நீங்கள் சேர்த்த படங்களும் இருக்கின்றன. எல்லாக் கணினிகளிலும் லிப்ரெஓபிஸை முழுவதும் மூடிவிட்டு அந்தக் கோப்புறையைப் படியெடுத்து வையுங்கள். மென்பொருள் திறந்திருக்கும்போது செய்தால், மூடும் நேரத்தில் அது தன் பழைய அமைப்பை மேலே எழுதிவிடலாம். பன்னிரண்டிலும் ஒரே பதிப்பு இருப்பது நல்லது.

ஒரு பாடத்துக்கு மட்டும் தேவையான பொத்தான்கள் என்றால் இதற்கும் போக வேண்டாம். 'கஸ்டமைஸ்' உரையாடலில் 'ஸ்கோப்' என்ற இடத்தில் மென்பொருளுக்குப் பதில் ஆவணத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், பட்டை அந்த ஆவணக் கோப்புக்குள்ளேயே (.odt) தங்கிவிடும்; கோப்பை எந்தக் கணினியில் திறந்தாலும் கூடவே வரும்.

பட்டையில் எதை எதையோ மாற்றிக் குழப்பிவிட்டேன். பழையபடி வேண்டும். 'ஃபேக்டரி ரீசெட்' கொடுத்துவிடலாமா? (களியக்காவிளை)

பொறுங்கள். 'கஸ்டமைஸ்' உரையாடலில் குழம்பிய பட்டையைத் தேர்ந்தெடுத்து 'டிஃபால்ட்ஸ்' பொத்தானை அழுத்தினால், அந்த ஒரு பட்டை மட்டும் பழைய நிலைக்கு வந்துவிடும். பெரும்பாலும் இதுவே போதும். இதற்கும் மசியாவிட்டால் 'ஹெல்ப்' மெனுவிலிருந்து 'சேஃப் மோட்' வழியாக மறுபடி தொடங்குங்கள். அங்கே தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் பகுதியில் இரண்டு தேர்வுகள் இருக்கின்றன: ஒன்று அமைப்புகளையும் இடைமுக மாற்றங்களையும் மட்டும் நீக்குவது, மற்றொன்று பயனர் கோப்புறை முழுவதையும் நீக்குவது.

இந்த இரண்டாவதை நான் ஒருமுறை அவசரத்தில் தேர்ந்தெடுத்துவிட்டேன். சித்தூர் சாலையில் ஒரு தட்டச்சுக் கடை. ஒரு பொத்தான் காணவில்லை என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். பொத்தான் வந்தது. கடைக்கார அம்மா பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த 'ஆட்டோடெக்ஸ்ட்' தொகுப்பும், தானியங்கித் திருத்தப் பட்டியலும், சொந்த அகராதியும் போய்விட்டன. சாதிச் சான்று விண்ணப்பத்துக்கு 'சாவி' என்று அடித்து எஃப்3 தட்டினால் முழுப்பக்கமும் வந்து விழும்படி அவர் வைத்திருந்தார். நான் அவர் எதிரிலேயே அந்த எஃப்3-ஐத் தட்டிக் காட்ட, திரையில் 'சாவி' என்ற சொல் மட்டும் அப்படியே நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கூலியையும் குறைக்கவில்லை. அன்றிலிருந்து எதைத் தொடுவதற்கு முன்பும் 'யூசர்' கோப்புறையை முதலில் பென்டிரைவில் படியெடுத்துக்கொள்கிறேன். நீங்களும் அப்படிச் செய்துவிட்டு மேற்கொண்டு போங்கள்.

மவுஸ் பட்டாலே பட்டை கழன்று திரையின் நடுவே வந்து மிதக்கிறது. (மறையூர்)

கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு, மிதக்கும் பட்டையின் வெற்றிடத்தில் இருமுறை கிளிக் செய்தால் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதன் மேல் வலது கிளிக் செய்து 'லாக் டூல்பார் பொசிஷன்' கொடுத்துவிடுங்கள்.