மரப்பரணில் குளிரும் விறைப்பும்: கேள்வி பதில்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடும் பருவம் நவம்பர் 15 முதல் 30 வரை. பக்கத்து விஸ்கான்சின் மாநிலத்தில் நன்றி நவிலல் நாளுக்கு (நவம்பரின் நான்காம் வியாழன்) முந்தைய சனிக்கிழமையில் தொடங்கி ஒன்பது நாள். இரண்டு இடங்களிலும் விடியுமுன்பே மரப்பரணில் ஏறி, உறைகுளிரில் அசையாமல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: நான்கு அடுக்கு உடை அணிந்தும் அரை மணி நேரத்தில் நடுங்கத் தொடங்கிவிடுகிறேன். இன்னும் கனமான கோட்டு வாங்க வேண்டுமா, ஐயா?

வேண்டாம். குறை உங்கள் கோட்டில் இல்லை, நடையில் இருக்கிறது. வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து பரண் வரை எல்லா உடைகளோடும் விரைந்து நடந்தால் உள்சட்டை வியர்வையில் நனைந்துவிடுகிறது. நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துவதால், நீங்கள் உட்கார்ந்த கணம் முதல் அந்த ஈரமே உங்கள் சூட்டை உறிஞ்சுகிறது. கனத்த கோட்டைப் பையில் கட்டிக்கொண்டு, சற்றுக் குளிரும் அளவுக்கே உடுத்தி, மெதுவாக நடந்து செல்லுங்கள். மரத்தடியில் மூச்சு அடங்கும்வரை நின்று, உலர்ந்த உள்சட்டைக்கு மாறிய பிறகு கோட்டை அணியுங்கள். உடலை ஒட்டிய உடை மெரினோ கம்பளியாக இருக்கட்டும். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கோட்டைக் கழற்றிவிட்டு நடக்கும்போதும் மற்ற வேட்டைக்காரர்கள் உங்களை மான் என்று எண்ணிவிடாதபடி அணியும் ஆரஞ்சுத் தொப்பியும் கையில்லா மேலங்கியும் வெளியே தெரிய வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டு கம்பளிக் காலுறைகள், போதாததற்குச் சூட்டுப் பொட்டலம். இருந்தும் பாதம் மரத்துப்போகிறதே?

அந்த இரண்டாவது காலுறையைக் கழற்றிப் பாருங்கள். பூட்ஸ் இறுகினால் இரத்த ஓட்டமும் குறைகிறது, சூட்டைத் தக்கவைக்கும் காற்றுக்கும் இடமில்லாமல் போகிறது. பொட்டலத்தில் இருப்பது இரும்புத் தூள். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போதுதான் சூடு பிறக்கிறது என்பதால், இறுகிய பூட்ஸுக்குள் அது அணைந்த அடுப்பாகிவிடும். பரணின் இரும்புத் தளத்தில் ஒரு பழைய கம்பளத் துண்டை விரித்து அதன்மேல் காலை வைத்தாலே பாதித் தொல்லை தீரும். பூட்ஸ் உரசும் சத்தமும் கேட்காது.

கேள்வி: மூன்று மணி நேரத்தில் முழங்காலும் இடுப்பும் விறைத்துவிடுகின்றன. அசைந்தால் மான் ஓடிவிடும் என்கிறார்களே?

மானின் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் மங்கலாகவே தெரியும். அசைவோ உடனே பட்டுவிடும். எனவே வெளியே தெரியாத அசைவுகளைப் பழகிக்கொள்ளுங்கள். தொடைத் தசையை இறுக்கிப் பத்து எண்ணிவிட்டுத் தளர்த்துங்கள். பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி விரியுங்கள். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் நெருக்குங்கள். கால்மணிக்கு ஒருமுறை செய்தால் போதும். எழுந்து நிற்க விரும்பினால் காற்று வந்து கிளைகள் ஆடும் வேளைக்காகக் காத்திருங்கள். தினைப்புனத்துப் பரணில் கிளி ஓட்டியவர்களுக்குக் கவணும் கூச்சலும் இருந்தன. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

விறைப்பை நான் அஞ்சுவது வலிக்காக அல்ல, இறக்கத்துக்காக. ஓராண்டு நான்கு மணி நேரம் சிலைபோல் இருந்துவிட்டு இறங்கியபோது, படியில் வைத்துவிட்டதாக நினைத்த இடக்கால் உண்மையில் வெறும் காற்றில் இருந்தது. மேலிருந்து தரை வரை கட்டியிருந்த காப்புக்கயிற்றில் ஹார்னஸ் (உடலில் அணியும் பாதுகாப்புப் பட்டை) கோக்கப்பட்டிருந்ததால் ஓரடி சறுக்கலோடு தப்பினேன். இப்போது இறங்குமுன் ஐந்து நிமிடம் நின்று, முழங்காலை மடக்கி நீட்டி, உள்ளங்காலில் உணர்வு திரும்பிய பிறகே படியைத் தொடுகிறேன். அதற்கும் முன்பே, தோட்டா நீக்கிய துப்பாக்கி கயிற்றில் கீழே போய்விடும்.

கேள்வி: குளிருக்கு இரண்டு மடக்கு பிராந்தி?

கூடாது. தோலின் இரத்தக் குழாய்களை அது விரிப்பதால் சூடேறுவதுபோல் தோன்றும். உண்மையில் உள்ளுடலின் சூடுதான் வெளியேறுகிறது. பிளாஸ்கில் சுக்கு காபி கொண்டுபோங்கள்.

கேள்வி: எந்தக் கட்டத்தில் வேட்டையை விட்டுவிட்டு இறங்க வேண்டும்?

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போவதைத் தாழ்வெப்பநிலை என்கிறார்கள், ஆனால் பரணில் யாரும் வெப்பமானியோடு உட்கார்வதில்லை. கையுறையைக் கழற்றிப் பெருவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொடத் தடுமாறினால் உடனே இறங்கிவிடுங்கள். இன்னும் சற்று நேரம் போனால் அதே விரல்களால் ஹார்னஸின் கொக்கியைக் கழற்ற முடியாது.