வளர வளர வத்தும் என்கிறார்களே, 9 வயதுப் பிள்ளையின் பருமன் பிற்காலத்தில் இதயத்தைப் பாதிக்குமா?

கேட்டவர் சொல்வது இதுதான்: மகனுக்கு 9 வயது, உயரத்துக்கு மிஞ்சிய எடை. வீட்டுப் பெரியவர்கள் "வளர வளர வத்திப்போம்", அதாவது தானாக மெலிந்துவிடும் என்கிறார்கள். பின்னாளில் மாரடைப்பு, பிரஷர் என்று ஏதும் வருமா?

வரலாம். வந்தே தீரும் என்றில்லை. இவ்வளவு போதுமென்றால் நேரே கடைசிப் பந்திகளுக்குப் போய்விடுங்கள். எனக்கு இந்த 'வளர வளர வத்தும்' கதையோடு பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அதற்குச் சாட்சியாக நிறுத்தப்படுகிற ஆள் நான்தான்.

சொந்தத்தில் எந்தப் பிள்ளையின் எடையைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அம்மா என்னுடைய சின்ன வயதுப் படத்தை அலுமாரியிலிருந்து எடுத்து வருவா. "உவனும் உப்பிடித்தான் உருண்டு கிடந்தவன். இப்ப பாருங்கோ, ஓலை மாதிரி. பிள்ளையளைச் சாப்பிட விடுங்கோ, தானா வத்தும்."

தானாக வத்தவில்லை. எப்படி வத்தியது என்று சொல்கிறேன்.

அப்பாவுக்கு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பலசரக்குக் கடை. 90களின் தொடக்கம், போரும் பொருளாதாரத் தடையுமான காலம். மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, இரவில் ஜாம்போத்தல் விளக்கு. என் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்த காலத்தில் எங்கள் வீட்டில் சீனி இருந்தது, பால்மா இருந்தது, விசுக்கோத்துப் பெட்டியின் அடியில் நொறுங்கிய துண்டுகள் இருந்தன. பள்ளிக்கூடம் விட்டால் நான் கடைக் கதிரையில். மற்றவர்கள் பட்டம் ஏற்றவும் கிளித்தட்டு மறிக்கவும் போவார்கள். என்னை அம்மம்மா விடமாட்டா, ஷெல் விழும் என்ற பயம். பயம் நியாயமானதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்தோடு ஒரு பெருமையும் இருந்தது. "இந்தச் சண்டைக்குள்ளயும் பிள்ளை எப்பிடித் தேறியிருக்கிறான்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் என்னைக் காட்டுவா. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் 'சீனி மூட்டை'.

1995 ஒக்டோபர் 30. சண்டை நெருங்க, எங்கள் பகுதியான வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், நான் எழுதப்போவதில்லை. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கடையில் நிலைக்கதவுகூட இல்லை. அப்பா மறுபடி கடை போடவில்லை, கூலிக்குக் கணக்கு எழுதப் போனார். எனக்கு அவருடைய பழைய சைக்கிள் வந்தது. பள்ளிக்கூடம், ரியூசன், சங்கக்கடை வரிசை, தண்ணீர் எடுக்க என்று எல்லாம் அந்தச் சைக்கிளில்தான். வீட்டில் சீனி அளந்து போடும் பண்டமானது. பதின்மூன்று வயதில் என் பழைய காற்சட்டைகள் இடுப்பில் நிற்கவில்லை.

இதைத்தான் அம்மா 'தானா' என்கிறா.

சண்டை நல்லது, பட்டினி நல்லது என்று சொல்கிறான் பார் என்று கருத்துப் பகுதியில் யாரும் தொடங்க வேண்டாம். என் வயதில் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் சத்தில்லாமல் வாடிய பிள்ளைகளை நான் கண்ணால் பார்த்தவன். சொல்வது ஒன்றுதான்: என் உடம்பு குறைந்ததற்குக் காரணம் வயது இல்லை. சாப்பாடும் ஓட்டமும் மாறின, அதனால் குறைந்தது. அவை மாறாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கும் எங்கள் குடும்பத்திலேயே ஆள் இருக்கிறார். பெரியப்பாவின் மகன். அதே கடை, அதே விசுக்கோத்துப் பெட்டி, என்னைவிட ஒரு வயது மூப்பு. இடப்பெயர்வுக்கு முதலே கொழும்புக்குப் போய்விட்டார்கள். அண்ணா வத்தவே இல்லை. இருபதுகளில் பிரஷர், முப்பதுகளில் சீனி வருத்தம் (நீரிழிவு), நாற்பது தாண்டிய கையோடு இதயக் குழாயின் அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய். அவர் சிகரெட்டும் பிடித்தவர், பெரியப்பாவுக்கும் இதய வருத்தம் இருந்தது. ஆகவே எல்லாப் பழியையும் விசுக்கோத்தில் போட முடியாது, தெரியும். ஆனால் அம்மா அந்த அண்ணாவின் படத்தை அலுமாரியிலிருந்து எடுப்பதில்லை.

நான் டொக்டர் இல்லை, அப்பாவைப் போலக் கணக்கு எழுதுகிறவன். ஸ்டென்ட் வைத்த செய்தி கேட்ட பிறகுதான் இதையெல்லாம் தேடி வாசித்தேன். மனதில் நின்றவற்றைச் சொல்கிறேன்.

கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படையினரின் இதயங்களை வெட்டிப் பார்த்து 1953இல் ஒரு கட்டுரை வந்தது. சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் இதயக் குழாய்களில் நோயின் அடையாளம் ஏற்கெனவே இருந்தது. ஐம்பதில் வருகிற மாரடைப்பு ஐம்பதில் தொடங்குவதில்லை என்பது அப்போதே தெரிந்த விஷயம். பிறகு அமெரிக்காவின் லூசியானாவில் பொகலூசா என்ற ஊரில் 70களிலிருந்து பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் விபத்து போன்ற காரணங்களால் இளவயதில் இறந்தவர்களின் குழாய்களைச் சோதித்தபோது, உடற்பருமன், பிரஷர், கொலஸ்ட்ரோல் கூடக்கூடக் கொழுப்புப் படிவும் கூடியிருந்தது. டென்மார்க்கில் 276,835 பள்ளிப் பிள்ளைகளின் பழைய எடைப் பதிவுகளை வைத்து 2007இல் வந்த ஆய்வு இன்னும் குறிப்பாகச் சொல்லியது: 7 வயதுப் பருமனைவிட 13 வயதுப் பருமன் பிற்கால இதய நோயோடு கூடுதலாகத் தொடர்புபட்டிருந்தது.

இதைப் படித்துப் பயப்பட வேண்டாம், ஏனென்றால் மற்றப் பக்கமும் இருக்கிறது. அமெரிக்கா, அவுஸ்திரேலியா, பின்லாந்து ஆகிய நாடுகளின் நான்கு ஆய்வுகளைச் சேர்த்து, 6,328 பேரை வைத்து 2011இல் ஒரு முடிவு வந்தது. சின்ன வயதில் பருமனாக இருந்து, வளர்ந்தபின் பருமன் இல்லாமல் போனவர்களுக்குச் சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் வருகிற வாய்ப்பு, ஒருபோதும் பருமனாக இல்லாதவர்களுக்கு இருந்த அளவுதான். 2018இல் டென்மார்க்கில் 62,565 ஆண்களை வைத்துச் சீனி வருத்தத்தைப் பார்த்தார்கள். 7 வயதில் பருமனாக இருந்து 13 வயதுக்கு முன்னர் எடை இறங்கி அப்படியே இருந்தவர்களுக்கு ஆபத்துக் கூடவில்லை. 13க்குப் பிறகு இறங்கியவர்களுக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. உங்கள் மகனுக்கு 9 வயது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் என் மகள். இதை எழுத வைத்ததே அவள்தான். பத்து வயது, புலமைப்பரிசில் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு வந்த சுகாதாரப் பரிசோதனைக்காரர் எடை உயரம் அளந்து, கூட என்று ஒரு துண்டு கொடுத்தனுப்பினார். அம்மா துண்டை வாசிக்கவே இல்லை. "பிள்ளையின்ரை நிறையை ஊருக்குச் சொல்லி நாவூறு படுத்தியிருக்கினம்" என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டா. அதைவிட என்னை உலுக்கியது கழுத்து. பிடரிப் பக்கம் வெல்வெட் துணி போலக் கறுத்துத் தடித்திருந்தது. ஊத்தை என்று நினைத்து அம்மா கடலைமா போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையை அழவைத்துக்கொண்டிருந்தா. அது ஊத்தை இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் அளவுக்கு மேல் சுரக்கிறது என்பதற்குத் தோல் காட்டுகிற அடையாளமாக இருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். உங்கள் மகனின் கழுத்தையும் கக்கத்தையும் இன்றைக்கே ஒருமுறை பாருங்கள்.

மகளின் நாளைப் பாருங்கள்: விடிய ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், பிறகு மறுபடி ரியூசன். இரண்டுக்கும் நடுவில் பசி ஆற ரோல்ஸ் அல்லது மிதிவெடி (முட்டை வைத்த பெரிய ரோல்ஸ்), கூட ஒரு சோடா. ஓட எங்கே நேரம்? சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன், நானே ஓடிக் குறைந்தவன் என்ற நம்பிக்கையில். ஆனால் எந்த ரோட்டில் ஓட விடுவது? மண் ஏற்றிய ரிப்பர் லொறிகள் ஒழுங்கைக்குள்ளேயே பறக்கின்றன.

இப்போது உங்கள் மகனுக்கு. முதலில், 'இவ்வளவு கிலோ குறைக்க வேண்டும்' என்று இறங்காதீர்கள். வளர்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் வந்து சரிக்கட்டும். எங்களுக்கு டொக்டர் சொன்னதும் அதுதான். யூரியூப் பார்த்துப் பட்டினி போடுவது, சோற்றை முழுக்க நிறுத்துவது எல்லாம் வேண்டாம். பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு வயது, ஆண் பெண், உயரம் பார்த்துத்தான் பிரஷர் அளவைக் கணிப்பார்கள், பெரியவர்களின் 120, 80 செல்லாது. இரத்தத்தில் சீனி, கொலஸ்ட்ரோல், ஈரல் இவற்றைப் பார்க்கவேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். வீட்டில் ஒரு நூலால் நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கவேண்டும். தெற்காசியர்களான எங்களுக்கு வயிற்றுக்குள் கூடுதலாகக் கொழுப்புச் சேரும், அதனால் 'பெரிசாக் குண்டில்லையே' என்ற பேச்சை நம்பவேண்டாம்.

எங்கள் வீட்டில் முதலில் நிறுத்தியது சோடா. 2016இலிருந்து இலங்கையில் போத்தல்களில் நிறக்குறி இருக்கிறது, 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. மகளிடமே பார்க்கச் சொன்னேன், இப்போது கடையில் அவள்தான் எங்களுக்குச் சொல்கிறாள். புட்டும் சொதியும் மீன்குழம்பும் அப்படியே இருக்கின்றன, மூன்றாம் தரம் போடுவதுதான் இல்லை. ஒரு ரியூசனை நிறுத்தினேன். அதற்கு மனைவியிடம் வாங்கிய பேச்சு தனிப் பதிலுக்குரியது. அந்த நேரத்தில் முற்றத்தில் ஒழுங்கைப் பிள்ளைகளோடு பாட்மின்டன். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, எங்களால் அநேகமாக முடிகிறது.

பட்டப்பெயர் மட்டும் வேண்டாம். வீட்டிலும் வேண்டாம், பகிடிக்கும் வேண்டாம். ஓலை மாதிரி ஆன பிறகும் என்னைத் தெருவில் கண்டால் சீனி மூட்டை என்று கூப்பிடுகிற இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு இன்றும் பேச்சில்லை.

பெரியவர்களோடு சண்டை பிடிக்காதீர்கள், பலன் இல்லை. நான் அம்மாவையே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே அந்தப் பெண் டொக்டர் மகளின் கழுத்தைக் காட்டி, "அம்மா, இது தேய்ச்சுப் போகாது, சீனி வருத்தம் வாற பாதை இது" என்று சொன்னா. நான் சொன்னபோது காதில் ஏறாதது அப்போது ஏறியது. அம்மாவுக்கும் சீனி வருத்தம், ஊசி போடுகிறவ. அதற்குப் பிறகு மிதிவெடிக் காசு கொடுப்பது நின்றுவிட்டது. ஐஸ்கிரீம் மட்டும் நல்லூர்த் திருவிழாவுக்கு உண்டு, அதில் நானும் தலையிடுவதில்லை.