சுகர் பரம்பரையா, தொப்பையா? கேள்வி பதில்

நான் உயிர்வேதியியல் படித்தவன், மருத்துவன் அல்ல. மாத்திரை அளவை மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: அப்பா, அம்மா இருவருக்கும் சுகர். எனக்கு வயது 31. ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா சார்?

பதில்: வேண்டாம். வகை 2 சர்க்கரை நோயில் குற்றவாளி ஒரு மரபணு இல்லை. நூற்றுக்கணக்கான இடங்களில் சின்னச் சின்ன மாற்றங்கள். இருப்பதில் பெரியது 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்ட டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவில் உள்ள மாற்றம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து அந்த மாற்றம் வந்தால் நோய் வரும் வாய்ப்பு சுமார் 40% கூடும், அவ்வளவுதான். நீங்கள் எழுதிய முதல் வரியே அதைவிட அதிகம் சொல்லிவிட்டது. அந்தப் பணத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சியும் (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) பாருங்கள்.

கேள்வி: இதில் அழற்சி எங்கே வருகிறது? காயம் பட்டால் வீங்குமே, அதுவா?

பதில்: அதன் சத்தமில்லாத தம்பி. சூடு இல்லை, வலி இல்லை, ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். வயிற்றுக் கொழுப்புச் செல்கள் அளவுக்கு மீறி உப்பினால் சில செத்துப்போகும். அவற்றைச் சுத்தம் செய்ய மேக்ரோஃபேஜ் செல்கள் வந்து சுற்றி நிற்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் மாலை போட்டதுபோல் இருக்கும். அங்கிருந்து கசியும் டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருட்களால் இன்சுலின் சொல்வது செல்லின் காதில் ஏறாது. 1993இல் இதை எலிகளில் காட்டினார்கள். ஆக, இன்சுலின் தேவை கூடுகிறது. ஆனால் டிசிஎஃப்7எல்2 மாற்றம் உள்ளவரின் கணையம் கேட்ட அளவு சுரப்பதில்லை. வரவு குறைவு, செலவு அதிகம்.

கேள்வி: எனக்கு சிஆர்பி (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதம்) 4. அதைக் குறைத்தால் சுகர் குறையுமா?

பதில்: நல்ல கேள்வி, பலரும் தடுக்கி விழுந்த இடம். சர்க்கரை வரப்போகிறவர்களுக்கு சிஆர்பி முன்னதாகவே சற்று ஏறியிருக்கும் என்பது உண்மை. ஆனால் பிறவியிலேயே அது கூடுதலாகச் சுரக்கும்படி மரபணு அமைந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த மரபணுவின் எந்தப் பிரதி யாருக்கு வரும் என்பது குடவோலை மாதிரி. இயற்கையே நடத்திவைத்த பரிசோதனை. சிஆர்பிதான் காரணம் என்றால் அவர்களுக்குச் சுகரும் அதிகம் வரவேண்டுமே? எண்ணிப் பார்த்தார்கள், வரவில்லை. அப்புறம், கனாகினுமாப் என்ற, அழற்சியைக் குறைக்கும் மருந்தை மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரிடம் சோதித்தார்கள். சிஆர்பி இறங்கியது, இதயத்துக்கும் ஓரளவு நல்லது. புதிதாகச் சர்க்கரை வருவது மட்டும் குறையவில்லை. உங்கள் 4, போன வாரச் சளியாகவோ ஈறு வீக்கமாகவோகூட இருக்கலாம். உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஒல்லி அண்ணா. எனக்கு ஏன் வந்தது?

பதில்: புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் ஒன்றாகப் படம் எடுத்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. எடை மெஷினை விட்டுவிட்டு இடுப்பில் டேப் வைத்துப் பாருங்கள் தம்பி.

கேள்வி: 31 வயதுக்காரன்தான் மறுபடியும். அந்த மரபணு இருந்தால் நடந்து என்ன பயன்?

பதில்: அமெரிக்கச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில் இதையே பார்த்தார்கள். அப்பா வழி, அம்மா வழி என டிசிஎஃப்7எல்2 மாற்றத்தின் இரண்டு பிரதியும் வாங்கியவர்களில், நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து பெரும்பாலும் தெரியவில்லை.

கேள்வி: மஞ்சள் பால்?

பதில்: தொண்டைக்கு இதம். குடியுங்கள், நாட்டுச்சர்க்கரை போடாமல்.