மேற்கே உள்ள அணி கிழக்குப் பிரிவில் ஆடியது ஏன்?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அங்குள்ள கால்பந்து அணி பல ஆண்டுகள் ‘கிழக்குப் பிரிவில்’ ஆடியது என்கிறாள். வரைபடத்தைப் பார்த்தால் ஊர் மேற்கே அல்லவா இருக்கிறது? அணிகளை எதை வைத்துப் பிரித்தார்கள்?
– வாசகர் ஒருவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானது. மேற்குப் பிரிவில் இருந்த 7 அணிகளில் 5 அணிகளின் ஊர்களைவிட, மிசௌரி பல்கலைக்கழகம் அமைந்துள்ள கொலம்பியா நகரம் மேற்கே இருக்கிறது. மாகே கேரளக் கரையிலும் ஏனாம் ஆந்திரத்திலும் இருந்துகொண்டு புதுச்சேரியின் பகுதிகளாக விளங்குவதைக் கண்டு பழகிய நமக்கு, நிலப்படம் ஒன்றும் நிர்வாகம் வேறொன்றும் சொல்வது புதிதன்று.

முதலில் ஒரு விளக்கம். இது நாம் உப்பளம் மைதானத்தில் பார்க்கும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். பல்கலைக்கழகங்கள் தமக்குள் கூட்டமைப்புகளை அமைத்துக்கொண்டு ஆடுகின்றன. ஒரு கூட்டமைப்பில் 12 அணிகளாவது இருந்து, அவை இரண்டு பிரிவுகளாகப் பிரிந்து, ஒவ்வோர் அணியும் தன் பிரிவிலுள்ள மற்ற எல்லா அணிகளுடனும் ஆடினால், பிரிவுகளின் முதல் அணிகள் இரண்டும் மோதும் கூடுதல் இறுதி ஆட்டத்தை நடத்திக்கொள்ளலாம் என்று, கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி அனுமதித்தது. பின்னாளில் மிசௌரி சேர்ந்த தென்கிழக்குக் கூட்டமைப்பு ஆர்கன்சா, தென் கரோலினா ஆகிய இரண்டையும் சேர்த்து 10 அணிகளை 12 ஆக்கி, கிழக்கு, மேற்கு என்று பிரித்து, 1992இல் பர்மிங்காம் நகரில் அத்தகைய ஆட்டத்தை நடத்தியது. அதில் அலபாமா 28–21 என்று புளோரிடாவை வென்றது.

2012இல் மிசௌரியும் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியும் இந்தக் கூட்டமைப்பில் சேர்ந்தபோது, பிரிவுக்கு ஏழு என்று சமன் செய்ய ஒன்று கிழக்கே போயாக வேண்டியிருந்தது. டெக்சஸ் ஏ அண்ட் எம் இன்னும் மேற்கே இருந்ததால் மிசௌரி கிழக்கே போயிற்று. போன இடத்தில் 2013, 2014 ஆகிய இரு ஆண்டுகளும் பிரிவில் முதலிடம் பெற்றது என்பதைத் தங்கள் மகளுக்குச் சொல்லுங்கள், மகிழ்வார்.

பழைய பகைமைகளைக் காப்பதும் பெரும் பாடாக இருந்தது. அலபாமா மேற்கிலும் டென்னசி கிழக்கிலும் இருந்தாலும், வென்ற அணியினர் சுருட்டுப் பற்றவைத்துக் கொண்டாடும் அந்த அக்டோபர் ஆட்டத்தை விட்டுவிட யாருக்கும் மனமில்லை. ஆகவே கூட்டமைப்புக்குள் ஆடும் 8 ஆட்டங்களில் 6 சொந்தப் பிரிவுக்கும், ஒன்று எதிர்ப்பிரிவின் நிலையான எதிராளிக்கும் போக, எஞ்சிய ஒன்றுதான் எதிர்ப்பிரிவின் மற்ற ஆறு அணிகளுக்கும் முறை வைத்துக் கிடைத்தது. டெக்சஸ் ஏ அண்ட் எம் சேர்ந்து ஏழாண்டுகள் கழித்து, 2019இல்தான் ஜார்ஜியாவைக் கூட்டமைப்பு ஆட்டத்தில் சந்தித்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வளர்ந்ததைப் போன்றது இது. பிரிவுமுறையின் பெருங்குறை இதுவே என்பது என் கருத்து.

பிக் டென் என்ற மற்றொரு கூட்டமைப்பு திசையை விட்டு, தன் பிரிவுகளுக்கு 2011இல் ‘லெஜண்ட்ஸ்’, ‘லீடர்ஸ்’ என்று பெயர் சூட்டிப் பார்த்தது; 2014இல் கிழக்கு, மேற்கு என்றே மாற்றியது. அதன்பின் 2023 வரை நடந்த பத்து இறுதி ஆட்டங்களிலும் கிழக்குப் பிரிவே வென்றது. வலுவான அணிகள் ஒரே பக்கம் குவிந்தால், இரண்டாவது சிறந்த அணி இறுதி ஆட்டத்துக்கே வராமல் போய்விடும்.

இறுதி ஆட்டத்துக்குப் பிரிவுகள் வேண்டும் என்ற அந்த விதியை 2022இல் என்.சி.ஏ.ஏ. தளர்த்தியதும் பெரிய கூட்டமைப்புகள் ஒவ்வொன்றாகப் பிரிவுகளைக் கைவிட்டன. 2024இல் டெக்சஸ் (இது டெக்சஸ் ஏ அண்ட் எம் அன்று, வேறொரு பல்கலைக்கழகம்), ஓக்லஹோமா சேர்ந்து 16 அணிகளான தென்கிழக்குக் கூட்டமைப்பும் அவ்வாறே செய்தது. இப்போது மிசௌரி கிழக்கிலும் இல்லை, மேற்கிலும் இல்லை. எல்லா அணிகளும் ஒரே பட்டியலில் நிற்க, முதல் இரண்டு அணிகள் அட்லாண்டாவில் இறுதி ஆட்டம் ஆடுகின்றன.